படபடப்புக்கு அரை மாத்திரை!

காலேஜ் பழைய மாணவர் சந்திப்பில் நன்றியுரை என் தலையில் விழுந்தது. நன்றியுரையை எவனும் கேட்கப் போவதில்லை, அதற்குள் கூட்டம் டிபன் பக்கம் நகர்ந்துவிடும். தெரிந்தும் இரண்டு நாள் முன்பே எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது.

ஒற்றைத் தலைவலிக்காகத் தினம் மாத்திரை போடும் நண்பன் ஒருவன் வழி சொன்னான்.

"டேய், இதுல பாதியைப் போட்டுக்கிட்டு மேடை ஏறு. நெஞ்சு அடிச்சுக்காது, கை நடுங்காது. நான் கியாரண்டி!"

துண்டுச் சீட்டில் 'ப்ரோப்ரனலால்' என்று எழுதியும் கொடுத்தான். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மாசாமாசம் இழுப்புக்கு பஃப் வாங்கிட்டுப் போறது நீங்கதானே ஸார்?"

"ஆமாம்..."

"அப்ப இதைத் தர மாட்டேன். டாக்டரைப் போய்ப் பாருங்க."

நாலு பேர் எதிரில் அவமானம்! கோபத்தோடு டாக்டரிடம் போய்ப் புகார் சொன்னால், அவர் கடைக்காரருக்கு சர்ட்டிபிகேட் கொடுத்தார். அப்புறம் அரை மணி நேரம் பாடம். பி.காம். மூளையில் ஏறியவரை சொல்கிறேன்.

இரண்டு கிட்னிகளின் மேலும் குல்லா வைத்த மாதிரி அட்ரினல் சுரப்பிகள். பயம் வந்ததும் அவை அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. நரம்பு முனைகளும் தம் பங்குக்கு அதன் சகோதரனான நார்அட்ரினலினை விடுகின்றன. இதயம் தடதடக்கும், மூச்சுக்குழாய் விரியும், தோலிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி முகம் வெளுக்கும். புலியைக் கண்டால் ஓடுவதற்கான ஏற்பாடு. மேனேஜர் கூப்பிட்டாலும் இதேதான். உடம்பு இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் வைத்துக்கொள்ளவில்லை!

ஒரே ரசாயனம் ஓரிடத்தில் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் தளர்த்துகிறது. எப்படி? அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948-ல் விடை சொன்னார். சாவி ஒன்றுதான், பூட்டு இரண்டு வகை: ஆல்ஃபா, பீட்டா. அவருடைய கட்டுரையை முதலில் ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. (எனக்கு அந்த இடத்தில் அவர் மேல் தனிப் பாசம் வந்தது.) 1967-ல் பீட்டாவையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றாம் நம்பர் முக்கியமாக இதயத்தில், இரண்டாம் நம்பர் மூச்சுக்குழாயில்.

மருந்துகளில் சில கள்ளச்சாவி. என் பஃப்பில் இருக்கும் சால்பூட்டமால், பீட்டா இரண்டைத் திறந்து மூச்சுக்குழாயை விரிக்கிறது. மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்துகள் பல ஆல்ஃபாவின் கள்ளச்சாவி. ரத்தக்குழாய் சுருங்கி மூக்கு திறக்கும். நாள்கணக்கில் விட்டுக்கொண்டே போனால், நிறுத்தும்போது முன்னைவிட மோசமாக அடைக்கும். சட்டைப் பையில் சொட்டு மருந்தோடு அலைகிறவர்களின் கதை இதுதான்.

வேறு சில மருந்துகள் சாவித் துவாரத்தில் மெழுகை அடைப்பவை. நண்பனின் மாத்திரை இந்த ஜாதி. கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக். இதயத்துக்குப் போகும் ரத்தம் போதாமல் நெஞ்சு வலிக்கும்போது, ரத்தத்தின் சப்ளையை எப்படிக் கூட்டலாம் என்றே மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். இவர் டிமாண்டைக் குறைத்தால் என்ன என்று கேட்டார். இதயம் நிதானமாகத் துடித்தால் அதற்கு ஆக்ஸிஜன் குறைவாகப் போதுமே! பி.காம். படிக்காமலே அந்த யோசனை. 1960-களின் நடுவில் மருந்து வந்தது, 1988-ல் நோபல் பரிசும் வந்தது.

கை நடுங்காது என்று நண்பன் சொன்னதும் பொய்யில்லை. 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸில் வடகொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜாங் சூ இதே மருந்தால் மாட்டி, வெள்ளியையும் வெண்கலத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க சிக்கல் என்னன்னா, இந்த மாத்திரை ஒண்ணு, ரெண்டு பார்க்காது. இதயத்துப் பூட்டோட மூச்சுக்குழாய்ப் பூட்டையும் அடைச்சுடும்" என்றார் டாக்டர்.

"இழுப்பு வந்தா பஃப் இருக்கே டாக்டர்?"

"எந்தத் துவாரத்துல நுழையும்? அதுலதான் மெழுகு இருக்கே!"

எனக்கு வியர்த்தது. 'அவர்களுக்கும் நன்றி, இவர்களுக்கும் நன்றி' என்று மேடையில் இழுத்திருப்பேன். நிஜமாகவே இழுத்திருப்பேன்! நண்பனுக்கும் ஒரு சேதி சொல்லி அனுப்பினார். பல நாள் சாப்பிட்ட இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாதாம். அடக்கி வைத்த இதயம் எகிறிவிடுமாம். அவனோ தலைவலி இல்லாத மாதங்களில் தன் இஷ்டத்துக்கு நிறுத்துகிறவன்.

விழா நாளில் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பஃப் இழுத்துவிட்டு மேடை ஏறினேன். அந்தக் கள்ளச்சாவியும் கையை நடுங்க வைக்கும் என்று டாக்டர் சொல்ல மறந்துவிட்டார். காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. கடைசி வரியில் மெடிக்கல் ஷாப்காரருக்கும் நன்றி சொன்னேன். டிபன் அவருடைய உபயம் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள்.