உடைந்த பவழம் பிழைக்குமா?

அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கூடம். சுவரோரமாக நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்பு ஜலம், நீல விளக்கு, பாறை, பாறையின் மேல் பூத்தாற்போல் பவழங்கள். ராத்திரி வேளையில் கடல் நத்தை ஒன்று பாசியை மேய்ந்துகொண்டே வருகிறது. எதிரில் நிற்பது என்ன, அதன் விலை என்ன என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? ஒரே தள்ளு! பவழம் உருண்டு விழுந்து கல்லில் மோதுகிறது. காலையில் விளக்கைப் போட்ட வீட்டுக்காரர் திடுக்கிட்டு நிற்கிறார். மூன்று வருஷமாக வளர்த்த பவழம் ஒரு பக்கம் சதை உரிந்து, வெள்ளை எலும்பு தெரியக் கிடக்கிறது.

"கல்தானே, உடைந்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றுகிறதா? கல் அல்ல ஐயா, அது பிராணி!

நகைக் கடையில் நாம் பார்க்கும் சிவப்புப் பவழம் வேறு ஜாதி. அது மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வளருவது. கடலில் பாறை கட்டும் பவழம் ஆயிரக்கணக்கான சிறு ஜீவன்களின் கூட்டுக் குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்; வாயைச் சுற்றி விரல்கள். எல்லாம் ஒரே மெல்லிய சதைப் போர்வையால் இணைந்திருக்கின்றன. அடியில் சுண்ணாம்பினால் எலும்பு கட்டிக்கொண்டே போகும். சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைக்கும் ஆகாரத்தில் பெரும் பங்கு பவழத்துக்கு. வீட்டு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அடிபட்ட பவழம் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் சக்தி உடையது. கிழிந்த சதையின் ஓரம் முதலில் மூடிக்கொள்ளும். பிறகு அந்த ஓரம் வெற்றெலும்பின் மேல் மெல்ல ஊர்ந்து பரவும். புதிய சதை முதலில் வெளிறித்தான் இருக்கும். பாசி குடியேறியதும் நிறம் வரும். அப்புறம் புது வாய்கள் முளைக்கும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம், மாதங்களும் ஆகலாம். ஆனால் இது ஒரு பந்தயம். வெறும் எலும்பைக் கண்டால் வேறு பாசிகள் சும்மா இருக்குமா? சில நாட்களிலேயே வந்து குந்திக்கொள்ளும். காயம் சிறியதானால் சதை ஜெயிக்கும். பெரியதானால் பாசி ஜெயித்துவிடும்.

வீட்டுக்காரர் செய்யக்கூடிய வைத்தியமெல்லாம் இந்தப் பந்தயத்தில் சதையின் பக்கம் நின்று கைகொடுப்பதுதான்.

முதலில் காயத்தை உற்றுப் பார்க்கவேண்டும். பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. சதை அழுகுகிறது என்று அர்த்தம். அந்தக் கூழ் மிதந்து போய்ப் பக்கத்துப் பவழத்தில் படியக் கூடாது. ஆகையால் பம்பை நிறுத்தி, ரப்பர் குழாயால் அதை உறிஞ்சி எடுத்த பிறகே பவழத்தை அசைக்க வேண்டும். அடுத்தது குளியல். தொட்டி ஜலத்தையே ஒரு பாத்திரத்தில் எடுத்து, பவழத்துக்கென்று விற்கும் அயோடின் மருந்தை அதன் சீட்டில் சொன்ன அளவு கலந்து, சில நிமிஷம் முக்கி எடுப்பது. வீட்டு அலமாரியிலுள்ள டிங்க்சர் அயோடின் உதவாது. அதில் சாராயம் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவுவது அதைவிட மோசம். உப்பில்லாத நீர் பட்டால் அந்த மெல்லிய சதை தாங்காது.

அழுகல் நிற்காமல் ஏறினால் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. நல்ல சதையிலேயே கொஞ்சம் தள்ளி, எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கிவிட வேண்டியதுதான். நல்ல சதையை வெட்ட யாருக்கும் மனம் வராது. மனம் வராதவர்கள் முழுப் பவழத்தையும் இழக்கிறார்கள். மிஞ்சிய துண்டை, நொடியில் ஒட்டுகிறதே அந்த ஜாதிக் கெட்டிப் பசையால் ஒரு கல்லில் ஒட்டிவிடலாம். பசை எலும்பில் படவேண்டும், சதையில் படக் கூடாது. துண்டை வெளிச்சம் சற்றுக் குறைந்த இடத்தில், நீரோட்டம் மிதமாக வருடும்படி வைப்பார்கள். வேகமான ஓட்டம் புதுச் சதையைக் கிழிக்கும். ஓட்டமே இல்லாவிட்டால் அழுக்கு தங்கும். பக்கத்துப் பவழத்துக்கும் எட்டாத தூரம் வேண்டும். பகலில் சாதுவாக இருக்கும் பவழங்கள், ராத்திரியில் நீண்ட கொட்டும் விரல்களை நீட்டி அண்டை வீட்டோடு சண்டை போடும்!

இவ்வளவும் ஒரு மணி நேர வேலை. மற்றதெல்லாம் ஜலம்தான். உஷ்ணம் 25, 26 டிகிரி. உப்பு, கடலில் உள்ள அளவு. எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்து லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். இந்த எண்களைவிட முக்கியம், அவை இன்றைக்கும் நாளைக்கும் மாறாமல் இருப்பது. தொட்டியில் ஜலம் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. எனவே வற்றியதற்கு ஈடாக உப்பு ஜலம் ஊற்றுகிறவர், நாளுக்கு நாள் பவழத்தை ஊறுகாய் போடுகிறார். சுத்திகரித்த நல்ல தண்ணீரைத்தான் விடவேண்டும். விரல்கள் மறுபடி நீளத் தொடங்கியதும், ராத்திரியில் பொடியாக்கிய இறால் சிறிதளவு கொடுக்கலாம். அதிகம் போட்டால் அது பாசிக்கு விருந்து. தினமும் கையை விட்டுத் திருப்பிப் பார்க்கும் ஆசை இருக்கிறதே, அதை அடக்குவதுதான் கஷ்டமான வைத்தியம்!

கண்ணாடித் தொட்டியில் பவழத்தை உயிரோடு வைக்கலாம் என்று உலகுக்குச் சொன்னவர்களில் முந்தியவர், ஜாகர்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். உயிருள்ள கடல் பாறையும் காற்றுக் குமிழியும் போதும் என்று 1961ல் எழுதினார். ஆனால் உடைந்த பவழத்தின் பெரிய ரகசியம் வெளிப்பட்டது அமெரிக்காவில், புளோரிடாவின் தென்கோடித் தீவு ஒன்றிலுள்ள மோட் கடல் ஆராய்ச்சிக் கூடத்தில். அதுவும் ஒரு கைத்தவறால்!

இருபது வருஷத்துக்கு முந்திய சங்கதி. டேவிட் வாகன் என்ற விஞ்ஞானி தொட்டியில் கடமான்கொம்புப் பவழம் வளர்த்துவந்தார். ஒரு துண்டு தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. எடுக்கப் போனார், படக்கென்று உடைந்தது. ஒட்டிய இடத்தில் இரண்டு மூன்று வாய்கள் மட்டுமே மிஞ்சின. செத்துவிடும் என்று எண்ணி விட்டுவிட்டார். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், அந்தச் சிறு மிச்சம் சின்னக் காசளவு பரவியிருக்கிறது! சாவகாசமாக வளரும் பவழத்துக்கு இது குதிரைப் பாய்ச்சல். அடிபட்ட ஓரம் ஆறும் அவசரத்தில் வேகமாகப் பரவுகிறது என்று அவர் கண்டுகொண்டார். பிறகு பவழங்களை வேண்டுமென்றே சிறு சிறு துண்டுகளாக அறுத்தார். வழக்கத்தைப்போல் 25 முதல் 50 மடங்கு வேகம் கிடைத்தது என்கிறது அந்த ஆராய்ச்சிக் கூடம். ஒரே பவழத்தின் துண்டுகளை அருகருகே ஒட்டினால், வளர்ந்து தொட்டுக்கொண்டதும் சண்டையில்லாமல் ஒன்றாகிவிடுகின்றன. வேற்றுப் பவழமானால் இந்த உறவு நடக்காது. இப்படி வளர்த்துக் கடலில் நட்ட பவழங்கள் 2020ல் இனம் பெருக்கவும் செய்தன.

இந்தக் கதை முழுக்க சுபம் என்று சொல்வதற்கில்லை. 2023 ஜூலையில் புளோரிடாவின் மானட்டி விரிகுடாவில் கடல் நீர் 38.4 டிகிரி காட்டியது. குளிக்கும் வெந்நீர்! நாற்றங்கால்களிலிருந்த ஆயிரக்கணக்கான பவழங்களை அவசரமாக எடுத்துவந்து, கரையிலுள்ள தொட்டிகளில் சேர்த்தார்கள். கடலிலேயே நின்ற கடமான்கொம்புப் பவழங்கள் பெரும்பாலும் மடிந்தன. புளோரிடாவில் பாறை கட்டும் வேலைக்கு அந்த இனம் இனி இல்லாததுபோலத்தான் என்று 2025ல் விஞ்ஞானிகள் அறிவித்துவிட்டார்கள். அறுக்கவும் ஆற்றவும் தெரியும். கடலின் சூட்டை இறக்க அந்த வித்தை போதாது.

இதைப் படித்து, நம் வீட்டிலும் ஒரு பவழத்தொட்டி வைக்கலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி பாறை கட்டும் பவழங்கள் 2001 முதல் புலியைப்போல முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் அப்படியே. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் பல காலம் பவழத்தைப் பெயர்த்தார்கள். 2005 வாக்கில்தான் அது ஓய்ந்தது. அங்கே உடைந்த கிளைகளை எடுத்துக் கட்டி, கான்கிரீட் சட்டங்களில் வைத்து வளர்க்கும் வேலையைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002ல் தொடங்கினார்கள். கட்டிய கிளை முதலில் செய்வது, அந்த அமெரிக்க வீட்டுப் பவழம் செய்ததையேதான்: கிழிந்த ஓரத்தை மூடிக்கொண்டு, கீழேயுள்ள கட்டாந்தரையைப் பிடிக்க ஊர்ந்து இறங்குவது.