கையடக்கப் பெட்டிக்குள் ஒரு விக்கிரமாதித்தன்

"அம்மா! இன்னும் ஒரே ஒரு ராட்சசன்தான் பாக்கி. அவனை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்!"

"ராட்சசன் இருக்கட்டும். இங்கே ரசம் ஆறிப் போகிறதுடா!"

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், கேம்ப் ரோடு தாண்டியதும் வருகிற ராஜகீழ்ப்பாக்கத்தில் சாயங்கால வேளையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இந்த மாதிரி ஒரு சம்பாஷணை காதில் விழலாம். இது ராஜகீழ்ப்பாக்கத்துக்கு மட்டும் உரிய விசேஷம் அல்ல. சேலையூரிலும் செம்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் இதே கதைதான்.

பிள்ளையின் கையில் இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அல்லது அப்பாவின் செல்போன். அதற்குள் கட்டம் கட்டமாகக் கலர்க் கற்கள். மூன்று கற்களை ஒரே வரிசையில் சேர்க்கிறான். கற்கள் மறைகின்றன. உடனே மேலே நிற்கும் ராட்சசன் அடி வாங்கித் தள்ளாடுகிறான்! கல்லுக்கும் ராட்சசனுக்கும் என்ன சம்பந்தம் என்று தாய்க்குப் புரிவதில்லை. புரியாததால், ஒன்று, பெட்டியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். இல்லாவிட்டால், "எப்படியோ தொலை" என்று விட்டுவிடுகிறாள். இரண்டுமே பலன் தராத வைத்தியம். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை அனுமதிக்கலாம், எதைத் தடுக்கலாம் என்று நாமே தீர்மானிக்கலாம் அல்லவா?

வேதாளம் போட்ட புதிர்

இந்த ஆட்டங்களில் இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று, புதிர். அது நமக்குப் பழக்கமானதுதான். இன்னொன்று, வேடம் பூண்டு ஆடுவது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு ஆட்டத்தை வெளியிட்டார்கள். காகிதம், பென்சில், பகடை - இவ்வளவுதான் சாமான். ஒருவர் போர்வீரர், இன்னொருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, கற்பனை தேசத்தில் யாத்திரை போக வேண்டும். ஜெயிக்க ஜெயிக்க அனுபவம் சேரும். அனுபவம் சேரச் சேர வீரனுக்குப் பலம் கூடும். நம் ஊர்க் கூத்தில் வேடம் கட்டுகிறவர் கதையை மாற்ற முடியாது. துரியோதனன் தோற்றே ஆக வேண்டும். இந்த ஆட்டத்திலோ கதையின் போக்கு ஆடுபவர் கையில்.

புதிரையும் வேடத்தையும் ஒன்றாகக் கலப்பது மேல்நாட்டார் கண்டுபிடித்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள்! விக்கிரமாதித்தன் கதை என்ன? ராஜா ஒருவன் நள்ளிரவில் வேதாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு நடக்கிறான். வேதாளம் கதை சொல்லி, முடிவில் ஒரு புதிர் போடுகிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும். வாய் திறந்து சொன்னாலோ வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். ராஜா வேடம், நீண்ட யாத்திரை, வழியெல்லாம் புதிர்! நம் பாட்டிமார் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இன்று பாட்டரி போட்டு விற்கிறார்கள்.

ரெயிலில் பிறந்த யோசனை

கையடக்கப் பெட்டிக்கு ஜப்பான் தாய்வீடு. நின்டெண்டோ கம்பெனியில் வேலை பார்த்த குன்பெய் யோகோய் என்பவர் ஒரு நாள் ரெயிலில் போனாராம். எதிரே அலுப்போடு உட்கார்ந்திருந்த ஓர் உத்தியோகஸ்தர், பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் யோகோய்க்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1980-ல் சின்னஞ்சிறு ஆட்டப் பெட்டி வந்தது. 1989-ல் 'கேம் பாய்' வந்தது. நாலு பாட்டரி போட்டால் போதும்.

கேம் பாயோடு சேர்ந்து உலகம் சுற்றியது 'டெட்ரிஸ்'. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உண்டாக்கிய ஆட்டம் அது. மேலேயிருந்து விழும் செங்கல் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். நம் பக்கத்தில் 1990-களில் இதன் மலிவுப் பதிப்பு 'பிரிக் கேம்' என்ற பெயரில் பர்மா பஜாரிலிருந்து வீடு வீடாக வந்து சேர்ந்தது. இன்று தாயாராக இருக்கும் பலர் பள்ளிக்கூட நாளில் அதில் விரல் தேய்த்தவர்கள்தாமே? ஆனால் அதில் கதை கிடையாது. ஆயிரம் செங்கல் அடுக்கினாலும் அடுக்கியவர் அதே ஆள்தான்.

கல்லும் கத்தியும்

2007-ல் அந்தக் குறையும் தீர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் பாக்னர் என்பவரின் 'இன்பினிட் இன்டராக்டிவ்' கம்பெனி, 'பசில் குவெஸ்ட்' என்ற ஆட்டத்தைக் கையடக்கப் பெட்டிகளுக்கு வெளியிட்டது. எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு கட்டம். மூன்று கற்களைச் சேர்த்தால் அவை மறையும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கற்கள் மந்திர சக்தி தரும். மண்டையோடு மூன்று சேர்ந்தால் எதிராளிக்கு அடி. பொற்காசு சேர்ந்தால் பணம். நாலு கல் ஒரே வரிசையில் சேர்ந்துவிட்டால் இன்னொரு முறை ஆடலாம்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், நமக்கும் எதிராளிக்கும் பலகை ஒன்றேதான். நாம் மூன்று கல்லை எடுத்தோம் என்று குதூகலித்தால், மேலேயிருந்து சரியும் கற்கள் எதிராளிக்கு நாலாக அமைந்துவிடும். ஆகவே, நமக்கு என்ன கிடைக்கும் என்பதைவிட, அவனுக்கு என்ன மிச்சம் வைக்கிறோம் என்பதுதான் கணக்கு. பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறோமே, அதே புத்தி. ஆடு புலி ஆட்டத்தில் ஆட்டை நகர்த்துகிறவருக்கும் இதே ஜாக்கிரதை தேவை.

புரொபசரும் புல்லுக்கட்டும்

அதே 2007-ல் ஜப்பானில் 'லெவல்-பைவ்' கம்பெனி 'புரொபசர் லேட்டன்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் சண்டை கிடையாது. வேடம் கொஞ்சம், புதிர் அதிகம். தொப்பி வைத்த புரொபசரும் அவருடைய சிஷ்யப் பையனும் ஒரு கிராமத்துக்குப் போகிறார்கள். அங்கே யாரிடம் வழி கேட்டாலும், "முதலில் இந்தப் புதிரை அவிழ்!" என்கிறார்கள். புதிர்களை அமைப்பதில் துணை நின்றவர் அகிரா தாகோ என்ற மனோதத்துவப் பேராசிரியர். 1966 முதல் அவர் எழுதிய புதிர்ப் புத்தகங்கள் ஜப்பானில் பிரசித்தமானவை.

அதில் ஒரு புதிர்: மூன்று ஓநாய், மூன்று கோழிக்குஞ்சு, ஆற்றைக் கடக்க ஒரே தெப்பம், ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் இடமில்லை, எந்தக் கரையிலும் குஞ்சுகளைவிட ஓநாய்கள் அதிகமாகிவிடக் கூடாது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் புலி, ஆடு, புல்லுக்கட்டுப் புதிருக்கு ஒன்றுவிட்ட தம்பி! நம்முடையதற்கு ஓடம் ஏழு தடவை கடக்க வேண்டும். அவர்களுடையதற்குப் பதினொரு தடவை. சந்தேகமிருந்தால் புளியங்கொட்டையையும் சோழியையும் வைத்துக்கொண்டு குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

இலவசம் என்னும் தூண்டில்

இதுவரை சொன்னவை ஒரு தடவை காசு கொடுத்துக் 'கேசட்' வாங்கினால் தீர்ந்தது. முடிவும் உண்டு, கதை முடிந்தால் பெட்டி மூடப்படும். செல்போன் வந்த பிறகு வியாபாரம் தலைகீழாகிவிட்டது.

2012-ல் ஜப்பானில் 'பசில் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. கல் சேர்த்து ராட்சசனை அடிக்கும் அதே வகை ஆட்டம், ஆனால் இலவசம்! ஆட்டத்துக்குள் மந்திரக் கல் விற்பார்கள். அந்தக் கல்லைப் போட்டு இயந்திரத்தை இழுத்தால் முட்டை ஒன்று விழும். உள்ளே அபூர்வ ஜந்துவும் இருக்கலாம். அற்ப ஜந்துவும் இருக்கலாம். ஜப்பானியர் இதைக் 'காச்சா' என்கிறார்கள். கடை வாசலில் காசு போட்டால் பொம்மை விழும் பெட்டியின் பெயர் அது. இந்த மாதிரி ஆட்டங்கள் சிலவற்றில், குறிப்பிட்ட பொம்மைகள் அத்தனையும் சேர்ந்தால்தான் பெரிய பரிசு என்று ஆசை காட்டினார்கள். பிள்ளைகள் பெற்றோர் பணத்தைக் கரைக்கவே, 2012 மே மாதத்தில் ஜப்பானிய சர்க்கார் அந்த முறையைச் சட்ட விரோதம் என்று அறிவித்தது.

நம் தமிழ்நாட்டிலும் சட்டம் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை ஒழுங்குபடுத்த 2022-ல் நிறைவேற்றிய சட்டம் 2023-ல் அமலுக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பதினெட்டு வயது ஆகாதவர்கள் அவற்றை ஆடக் கூடாது என்றும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாரும் ஆடக் கூடாது என்றும் கூறின. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இவையெல்லாம் குறி வைப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. கல்லும் முட்டையும் விற்கும் கடைக்கு வீட்டில் காவல்காரி நாம்தான்! பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி செல்போனில் வைத்துக்கொள்ளலாம். மாதச் செலவுக் கணக்குப் பார்க்கும் அன்றைக்கே இதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

தினம் அரை மணி ஆடுகிற பிள்ளையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்ற வியாதிப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிவிடுதல், கெடுதல் வந்த பிறகும் தொடர்தல் - இந்த மூன்று அடையாளங்களும் சாதாரணமாக ஒரு வருஷ காலமாவது நீடித்துப் படிப்பையும் குடும்பத்தையும் பாதித்தால்தான் அந்தப் பெயர். அந்த நிலை வரும் முன்பே, தூக்கமும் சாப்பாடும் நண்பர்களும் குறைவதைக் கண்டால், தயங்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் 2014-லேயே இதற்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள்.

மற்ற வீடுகளுக்கு எளிய ஏற்பாடுகள் போதும். சண்டை நடுவில் பெட்டியைப் பிடுங்காதீர்கள். கோலம் பாதியில் இருக்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் நமக்குக் கோபம் வராதா? "இந்த ஒரு சண்டை முடிந்ததும் மூடு" என்றால் நியாயம் அவனுக்கும் தெரியும். படுக்கையறைக்குள் பெட்டி வரக் கூடாது. பையன் ஆடினால் பெண்ணுக்கும் முறை உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக ஆட விடாதீர்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுகிறோம். விடிய விடிய ஆடியும் அதனால் யாரும் கெட்டுப் போனதில்லை. பாம்பு கடித்துக் கீழே இறங்கியவரைப் பார்த்துச் சிரிக்கப் பக்கத்தில் நாலு பேர் இருந்தார்களே, அதுதான் காரணம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கல்லை ஏன் நகர்த்தினாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் பெருமையோடு விளக்குவதைக் கேட்டால், யோசித்து ஆடுகிறானா, வெறுமனே விரலைத் தேய்க்கிறானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முடிந்தால் பெட்டியைப் பாட்டியிடமும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். பல்லாங்குழியில் பழகிய விரல்கள் அவை. பேரன் தோற்றுப்போனால் மட்டும் எங்களைக் குறை சொல்லாதீர்கள்!