வினைத்திறனும் விளைதிறனும்

ஓர் அமைப்பு 'செயல்திறனோடு' இயங்குகிறது என்று கூறும்போது நாம் இருவேறு பொருள்களை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். குறைந்த செலவிலும் நேரத்திலும் பணியை முடிப்பது ஒன்று. எந்த நோக்கத்திற்காகப் பணி தொடங்கப்பட்டதோ அது நிறைவேறுவது மற்றொன்று. மலாய்மொழி முன்னதைக் 'கெச்செக்காப்பான்' என்றும் பின்னதைக் 'கெபெர்க்கெசானான்' என்றும் பிரித்து வழங்குகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முறையே 'வினைத்திறன்', 'விளைதிறன்' என்கின்றன. வினை என்பது செய்கை. விளைவது அதன் பயன். வயலை எத்தனை நாளில், எவ்வளவு கூலியில் உழுதோம் என்பது முன்னது. களத்திற்கு நெல் வந்ததா என்பது பின்னது.

இவ்வேறுபாட்டை விளக்க நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்களின் ரப்பர் தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. வாங்கி விற்றவர்களின் கணக்கில் அது விரைந்து ஆதாயம் தந்த செயல். தொழிலாளர்க்கோ வேலையும் குடியிருப்பும் ஒருசேரப் பறிபோயின. இந்நிலையில், இன்று பிரிக்பீல்ட்சில் ஒரு சாலைக்குப் பெயராய் விளங்கும் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் பங்குத்தொகையை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி உறுப்பினராயினர்.

தோட்டந்தோறும் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டுவது, வினைத்திறனை மட்டும் அளப்பவருக்கு வீண் அலைச்சலாகவே தோன்றும். செல்வர் சிலரிடம் பெருந்தொகை பெறுவது எளிது. ஆயினும் சங்கத்தின் நோக்கம் நிலம் வாங்குவது மட்டுமன்று. பால்மரம் சீவுபவரே அந்நிலத்தில் பங்குடையவராக வேண்டும் என்பதாகும். அதற்கு அந்த நீண்ட வழியே உரிய வழி. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் கொள்முதலாயிற்று. இதனால் வினைத்திறன் வேண்டாததாகிவிடாது. ஒவ்வொரு பத்து வெள்ளிக்கும் கணக்கு வைக்காத கூட்டுறவின்மீது யாருக்கும் நம்பிக்கை நிலைக்காது.

தோட்டங்களை விட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழைக் கொண்டு சேர்ப்பது இன்றைய நம் சங்கங்களின் கடமை. கிள்ளானில் ஒரு சங்கம் வார இறுதித் தமிழ் வகுப்புகள் இரண்டை ஒன்றாக இணைப்பதாகக் கொள்வோம். ஆசிரியர் ஊதியம் பாதியாகும். ஆண்டறிக்கையில் அது சிக்கனமாகப் பதிவாகும். ஆனால், வாய்விட்டுப் படிக்கும் முறை ஒரு பிள்ளைக்கு வருவதே அரிதாகி, ஆண்டிறுதியில் அப்பிள்ளையால் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுத இயலாமற்போனால் மிச்சப்பட்டது எது? மாறாக, நன்றாகக் கற்பித்தும் வரவு செலவு பாராத வகுப்பு சில ஆண்டுகளிலேயே மூடப்படும். இரண்டும் வேண்டும், ஆயினும் அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு.

திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' என்னும் அதிகாரத்திற்குப் பின்னரே 'வலியறிதல்', 'காலமறிதல்', 'இடனறிதல்' ஆகியன அமைந்துள்ளன. எதைச் செய்வது என்று தெளிந்த பின்னரே வலிமையையும் காலத்தையும் இடத்தையும் எண்ணவேண்டும் என்பதை அவ்வரிசையிலிருந்து நாம் கொள்ளலாம். எனவே, ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையில் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையும் செலவும் இடம்பெறுமுன், யாரிடத்தில் என்ன விளைய வேண்டுமென எண்ணினோம், அது விளைந்ததா என்னும் இரண்டிற்கும் விடை எழுதுவோமாக. பின்வரும் கணக்குகளைப் படிப்பவர்க்கு அவ்விடையே அளவுகோலாகும்.