மாவுக்கட்டு பிரித்த பிறகு

1938 நவம்பர் 24ஆம் தேதி அரவிந்தர் ஆசிரமத்தில் தரிசன நாள். அதற்காக வெளியூர் அன்பர்கள் புதுச்சேரியில் வந்து குழுமியிருக்க, அன்று விடியுமுன் இருளிலே, ஸ்ரீ அரவிந்தர் தம் அறையில் விரித்திருந்த புலித்தோலில் இடறி விழுந்து வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்குப் பிராயம் 66. கால் அசையாதபடி வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தவருக்கு எலும்பு கூடிற்று. கூடிய பிறகுதான் வேலையே ஆரம்பமாயிற்று. விறைத்துப்போன முழங்காலைத் தொங்கவிட்டு மடக்கிப் பழகுவதும், கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோல் ஒத்துவராமல் சீடர்களைப் பற்றிக்கொண்டு அடியெடுத்து வைப்பதும், பின்பு கைத்தடியோடு நடப்பதுமாக அந்த மீட்சி நிகழ்ந்த விதத்தை, உடனிருந்து பணிவிடை செய்த மருத்துவர் நீரத்பரன் எழுதிவைத்திருக்கிறார். யோகியானாலும் முழங்காலுக்கு விலக்கில்லை.

எலும்பைக் கூட்டுவது பெரும்பாலும் இயற்கையின் காரியம். மூட்டை மடக்கித் தருவது அன்று. மூட்டினுள் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது; மூட்டு மடங்கி நிமிரும்போது அங்குள்ள வழவழப்பான திரவம் அழுந்திப் பரவித்தான் அதற்கு ஆகாரம் சேருகிறது. அசைவு நின்றால் சுற்றியுள்ள சவ்வு சுருங்கி ஒட்டிக்கொள்ள, தொடையின் முன்தசை நாளுக்கு நாள் இளைத்துப்போகிறது. இதற்கான சிகிச்சையான பிசியோதெரபி என்றால் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதன் ஜீவன் நோயாளி தானே செய்யும் அப்பியாசத்தில் இருக்கிறது.

புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பாட்டியம்மாள் ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் காலம் கழிப்பவர், கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு பிரித்தபோது முழங்கால் 40 பாகைக்குமேல் மடங்கவில்லை. சமதரையில் நடக்கவே ஏறக்குறைய 60 பாகை வேண்டும். நாற்காலியிலிருந்து எழ 90க்குக் குறையாது. நம்மைப் போலக் குந்தியெழுகிறவர்களுக்கோ அதற்கும் வெகுவாக மேலே. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண், துண்டைச் சுருட்டி முழங்காலடியில் வைத்து, "துண்டை அமுக்குங்க பாட்டி, மூச்சை அடக்காம அஞ்சு எண்ணுங்க" என்றாள். "ஆன், தே, த்ருவா..." என்று பாட்டியம்மாள் பிரெஞ்சில் எண்ணத் தொடங்கியதும் அவள் சிரித்துவிட்டாள். இழுத்துப்பிடிக்கும் வலி வரட்டும், ஆனால் ஆடுசதை வீங்கிச் சூடேறினால் அப்பியாசத்தை நிறுத்தி உடனே டாக்டரிடம் போகவேண்டும் என்று மருமகளிடம் இருமுறை சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதத்தில் கோணமானி 85 பாகை காட்டிற்று. வாசல்வரை நடக்கிறார், அதில் அவருக்குத் திருப்தியில்லை. சம்பா கோயில் எனும் மாதா கோயிலில் முழந்தாளிட வேண்டுமாம்.

"மடங்கினா மட்டும் போதாது பாட்டி, எழுந்திருக்கத் தொடையில பலம் வேணுமே" என்றாள் அந்தப் பெண்.

பாட்டியம்மாள் பதில் சொல்லவில்லை. துண்டை மறுபடி சுருட்டி வைத்துக்கொண்டு, "ஆன், தே" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.