ஈச்சங்குளத்தை விழுங்கிய கோணக்குறி

தொடர் – 17

போன கிழமை விட்ட இடம்: இணையத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், தன் பக்கத்திலுள்ள பெட்டிகளான பிளாக்குகளுக்கு, அவை எப்படி அடுக்கி நிற்க வேண்டும் என்று சொல்லும் லேஅவுட் வகுப்புப் பெயர்களை ஒட்டுகிறது, ஒட்டும் நிரலைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். இந்தக் கிழமை பிளாக்குக்குள் இருக்கும் உள்பெட்டியின் கதை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு வரியைப் பார்த்துவிட வேண்டும்.

2022 ஜனவரியில் 5.9 பதிப்பு வந்தபோது அந்த நிரலின் உயிர் ஒரே வரியில் இருந்தது. பிளாக்கின் எச்டிஎம்எல்லை எடுத்துக்கொள்; வகுப்பைக் குறிக்கும் கிளாஸ்=" என்ற எழுத்துத் தொடர் முதன்முதல் எங்கே வருகிறதோ அந்த இடத்தில் புதிய பெயரைச் செருகு. அவ்வளவுதான். தேடுவதற்கு ரெஜெக்ஸ் என்ற எழுத்துக்கோலத் தேடல், மாற்றுவது ஒரேயொரு தடவை. ஒரு பிளாக்குக்கு ஒரே ஒரு வெளிப்பெட்டிதான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறோம், இது நியாயமான எல்லைதான் என்று எழுதியவரே மேலே குறிப்பும் போட்டிருந்தார். அந்தக் குறிப்பை நான் மதிக்கிறேன். தன் நிரல் எதை நம்பி நிற்கிறது என்பதைப் பின்னால் வருகிறவருக்கு எழுதிவைக்கிறவர்கள் குறைவு.

அறிவியல்நகரில் படிக்கிற தம்பி ஒருவருக்கு இந்த வரியைக் காட்டினேன். அவருடைய அப்பா கண்டாவளையில் வயல் செய்கிறவர். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, இது தண்ணி கட்டப் போறவன் முதல் கண்ட வரம்பை வெட்டுற மாதிரியெல்லோ இருக்கு. அது ஆற்றை வயல் எண்டு பாக்கேல்லையே" என்றார்.

அவர் சொன்னது சரி. வெளிப்பெட்டிக்கு கிளாஸ் என்ற பண்பே இல்லாவிட்டால், தேடல் அதைத் தாண்டிப் போய் உள்ளே இருக்கும் ஏதோ ஒரு படத்திலோ பொத்தானிலோ விழும். மூன்று நெடுவரிசையாக நிற்க வேண்டிய பெட்டி சும்மா நிற்க, பொத்தான் மூன்று நெடுவரிசையாகப் பிரியப் பார்க்கும். ஒற்றை மேற்கோளில் எழுதியிருந்தால் கண்ணிலேயே படாது. டேட்டா-கிளாஸ் என்று வேறொரு பண்பு முன்னால் இருந்தால் இன்னும் மோசம்: அதன் வாலிலும் கிளாஸ்=" இருக்கிறது, பெயர் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். உலாவிக்கு அது பொருளற்ற எழுத்து. பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கம் மட்டும் குலைந்து நிற்கும்.

இப்போது இந்தக் கிழமை முழுக்க என்னை விடாமல் பிடித்து வைத்திருந்த விசயத்துக்கு வருகிறேன். எச்டிஎம்எல்லை வெறும் எழுத்துச் சரமாகப் பார்ப்பதால் வரும் கேடு வன்னியில் புதிதல்ல. பாமினி எழுத்துருக் காலத்திலேயே நாங்கள் அதைப் பட்டிருக்கிறோம்.

யுனிகோட் பரவும் முன் இலங்கையில் தமிழ் தட்டச்சு என்றால் பெரும்பாலும் பாமினிதான். அச்சகம், கச்சேரி, சங்கங்கள், பாடசாலை வினாத்தாள் என எல்லாவற்றிலும் அதுதான். பாமினியில் கணினிக்குள் கிடப்பது தமிழ் அல்ல, ஆங்கில விசைப்பலகையின் குறிகள். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். சிறிய 'எம்' அடித்தால் 'அ' தெரியும். காற்புள்ளி அடித்தால் 'இ'. அதே விசையை ஷிஃப்ட் பிடித்து அடித்தால் 'ஈ'. அந்த ஷிஃப்ட் பிடித்த காற்புள்ளி என்ன குறி? இடப்பக்கம் திறக்கும் கோணக்குறி. எச்டிஎம்எல்லில் ஒவ்வொரு குறிச்சொல்லையும் திறந்து வைக்கிற அதே குறி!

வவுனியாவில் ஈச்சங்குளம் இருக்கிறது. பாமினியில் அந்த ஊரின் பெயர் கோணக்குறியில் தொடங்கி, அடுத்ததாக ஓர் ஆங்கில எழுத்து வரும். கோணக்குறியை அடுத்து ஆங்கில எழுத்து வந்தால் ஒரு குறிச்சொல் தொடங்கிவிட்டது என்பது உலாவியின் விதி. எனவே உலாவி ஊரின் பெயரைத் தனக்குத் தெரியாத ஒரு குறிச்சொல் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த மூடும் கோணக்குறி வரை விழுங்கிவிடும். கையால் எழுதிய ஒரு பழைய பக்கத்தின் ஊர்ப் பட்டியலை நான் திறந்தபோது, ஈச்சங்குளம் இருக்க வேண்டிய வரி வெறுமையாகக் கிடந்தது. கோப்பைத் திறந்தால் எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. திரையில் மட்டும் ஊர் இல்லை. 'ஈழம்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அந்தப் பக்கத்தைத் தட்டச்சுச் செய்தவர் எழுத்துப்பிழை எதுவும் விடவில்லை. கோணக்குறிக்குப் பதிலாக அதற்குரிய மாற்றுக் குறியீட்டை எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

யுனிகோட்டிலும் யுடிஎஃப்-8 முறையிலும் இந்த ஆபத்து அறவே இல்லை. ஏன் இல்லை என்பதுதான் அழகு. 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் நியூ ஜேர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டுத் தட்டின் கீழ் விரிக்கும் தாளில் யுடிஎஃப்-8 முறையைத் தொம்சன் வரைந்தார். ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் 0 முதல் 127 வரை. மற்ற எந்த மொழி எழுத்தானாலும் அதன் ஒவ்வொரு பைற்றும் 128 அல்லது அதற்கு மேல். ஆகவே எந்தத் தமிழ் எழுத்தின் வயிற்றுக்குள்ளும் கோணக்குறியின் பைற் ஒளிந்திருக்க முடியாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற் பிடிக்கும். 'கிளிநொச்சி' என்று எழுதுங்கள்: மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாகப் பத்துக் குறியீடுகள், முப்பது பைற்றுகள். முப்பதில் ஒன்றுகூட எச்டிஎம்எல்லின் எல்லைக்குள் கால் வைக்காது. இதை நான் முதன்முறை எண்ணிப் பார்த்த இரவில் நித்திரை வரவில்லை.

ஆனால் யுனிகோட்டிலும் தமிழை நாசமாக்க ஒரு வழி இருக்கிறது, அதை நானே செய்து பார்த்தவன். கமக்காரர் அமைப்பு ஒன்றின் தளத்தில் பெட்டிகளுக்கு வகுப்புப் பெயர் சேர்க்க ரெஜெக்ஸ் வேண்டாம், ஒழுங்காகச் செய்வோம் என்று பிஎச்பியின் டொம்-டொக்கியூமென்ற்றை எடுத்தேன். அது பக்கத்தை முழு மரமாகக் கட்டி, வேலை முடிந்ததும் திரும்ப எழுதித் தரும். எந்த எழுத்துமுறை என்று நான் சொல்லிக் கொடுக்காததால், உள்ளே வந்ததை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொண்டது. சிறுபோக நீர் விநியோக அறிவித்தல் முழுவதும், தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துமாக மாறிப் போனது. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் முதல் பைற் ஒன்றேதான், அதுதான் அந்த 'ஏ'. வாய்க்கால் திறக்கும் திகதியைப் பார்க்க வந்தவர்கள் அதைத்தான் கண்டார்கள். அன்று மாலை வரை தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் திகதியை வாயால் சொன்னேன். அதற்குப் பிறகு, முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதித் தருகிற எந்தக் கருவியையும் தமிழ்ப் பக்கத்துக்குப் பக்கத்தில் விட எனக்கு மனமில்லை. பிஎச்பி 8.4 பதிப்பு 2024 நவம்பரில் புதிய எச்டிஎம்எல் வாசிப்பானோடு வந்த பின் நிலைமை நல்லது. பழைய வழங்கிகளில் அது இன்னும் இல்லை.

வேர்ட்பிரஸ் நிரலைத் திருத்தியவர்கள் முன்னால் இருந்த நெருக்கடியும் இதுதான். ரெஜெக்ஸ் தமிழைத் தொடாது, ஆனால் கண் தெரியாது. மரம் கட்டும் கருவிக்குக் கண் தெரியும், ஆனால் முழு வயலையும் உழுதுவிட்டுத்தான் ஒரு நாற்றை நடும்.

2023 மார்ச் 29 அன்று வெளியான 6.2 பதிப்பில் டாக் புரொசசர் என்ற கருவி வந்தது. அடம் சியலின்ஸ்கியும் டெனிஸ் ஸ்னெல்லும் அதன் பின்னால் நின்ற முக்கியமானவர்கள். அது மரம் கட்டுவதில்லை. பக்கத்தின் தொடக்கத்திலிருந்து குறிச்சொல் குறிச்சொல்லாக நடந்து போகிறது. கேட்ட குறிச்சொல் வந்ததும் அதன் பண்புகள் எந்தப் பைற்றில் தொடங்கி எதில் முடிகின்றன என்று குறித்துக்கொள்கிறது. வகுப்பைச் சேர் என்றால், கிளாஸ் பண்பு இருந்தால் அதற்குள் சேர்க்கும்; இல்லையென்றால் புதிதாக ஒன்றை உண்டாக்கும்; பெயர் ஏற்கெனவே இருந்தால் சும்மா இருக்கும். ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், மேற்கோளே இல்லாதது எல்லாம் அதற்கு ஒன்றுதான். டேட்டா-கிளாஸ் வேறு, கிளாஸ் வேறு என்பதும் தெரியும். கடைசியில் அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றி, மற்ற எல்லாப் பைற்றையும் வந்தபடியே திருப்பித் தருகிறது. கிளிநொச்சியின் முப்பதும் முப்பதாகவே வெளியே வரும்.

லேஅவுட் நிரல் இந்தக் கருவிக்கு மாறியதும் அந்த ஒற்றை வரி போய்விட்டது. வெளியே இருந்து பார்த்தால் பழையபடி அதே பெயர்கள், அதே பெட்டிகள். ரீஃபக்டரிங் என்ற சொல்லுக்கு மார்ட்டின் ஃபவுலர் 1999இல் எழுதிய புத்தகம் சொல்லும் பொருளும் இதுதான்: வெளி நடத்தை மாறாமல் உள்ளமைப்பைச் செம்மையாக்குவது.

ஒரு பக்க நினைவு. இந்த பிளாக் முறையே வந்தது 5.0 பதிப்பில், 2018 டிசெம்பர் 6. இரண்டு கிழமை கழித்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. புதிய எடிட்டரில் நான் முதன்முதலாகப் போட்ட பிளாக் ஒன்றுக்குள் இருந்தது, எந்தப் பாடசாலையில் சமைத்த சாப்பாடு கொடுக்கிறார்கள் என்ற அறிவித்தல். அதனால்தான் ஒரு பெட்டி எங்கே நிற்கிறது என்பது எனக்குச் சின்ன விசயமாகப் படுவதில்லை.

உள்பெட்டிக்கு இடம் போய்விட்டது. பிளாக்குக்குள் பிளாக் இருக்கும்போது, எந்தப் பெட்டி உள்ளிருப்பவற்றைத் தாங்குகிறது என்பதை நிரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை அடுத்த கிழமை எழுதுகிறேன். உள்பிளாக் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கடைசியாகத் திறந்த குறிச்சொல்லைப் பிடிப்பதுதான் அதன் சூட்சுமம்.

அதுவரை ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சங்கத்திலோ கோயிலிலோ பாடசாலையிலோ பாமினியில் எழுதிய பழைய பக்கங்கள் இருந்தால், முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு 'ஈ'யில் தொடங்கும் பெயர்கள் திரையில் தெரிகின்றனவா என்று பாருங்கள்.