உங்களுக்குத் தெரியுமா? மாத்திரையை முறியடிக்கும் மாத்திரை

டிமென்ஷியா என்னும் மறதிநோய்க்குத் தரப்படும் டோனெபெசில், மூளையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதைந்துவிடாமல் காக்கிறது. சிலருக்கு இதன் பக்கவிளைவாகச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். வயதானால் இப்படித்தான் என்று எண்ணி, வேறொரு மருத்துவர் ஆக்சிபியூட்டினின் எழுதிக் கொடுப்பார். அதுவோ அசிடைல்கோலினின் வேலையையே தடுக்கும் மருந்து! நோயாளியின் குழப்பம்தான் கூடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தச் சங்கிலி நடப்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தனித்தனியே பார்த்தால் இரண்டு மருந்துச் சீட்டுகளிலும் பிழை தெரியாது. எல்லாச் சீட்டுகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் மருந்தாளுநரின் கண்ணில்தான் முரண் படும். அவருக்கும் எட்டாதது ஒன்றுண்டு: சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின். அதுவும் அதே தடுக்கும் வகைதான். அது வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

டிமென்ஷியா நோயாளிகளுக்குத் தேவையின்றித் தரப்படும் மருந்துகள் பற்றி, பிரிட்டனில் 2009இல் பேராசிரியர் சுபே பானர்ஜி அரசுக்கு அளித்த அறிக்கை இன்னும் கடுமையானது. மனநோய்க்கான மருந்துகளை உட்கொண்ட டிமென்ஷியா நோயாளிகள் சுமார் 1,80,000 பேர். பலன் பெறக்கூடியவர்கள் அதிகபட்சம் 36,000 பேர். ஆண்டுக்குக் கூடுதல் மரணங்கள் சுமார் 1,800 என்றும் அது மதிப்பிட்டது.

மனநோய்க்கான இம்மருந்துகளைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்க, செவிலியரும் வீட்டாரும் தூக்கம், பதற்றம், நடை ஆகியவற்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.