வானத்தில் ஒரு கரும்புள்ளி

ஆண்டு மலருக்காக எடுத்த வகுப்புப் படங்கள் எல்லாவற்றிலும் மேலே, இடப்பக்கத்தில், ஒரு சாம்பல் நிறப் புள்ளி. மைதானப் படத்தில் அது வானத்தில் இருந்தது. எட்டாம் வகுப்புப் படத்தில் பின்வரிசை மாணவி ஒருத்தியின் நெற்றியில். லென்ஸை மூன்று முறை துடைத்தும் போகவில்லை.

சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒரு மாணவனின் தந்தையிடம் காட்டினேன். "எல்லாத் தாள்லயும் ஒரே இடத்துல புள்ளி வந்தா தாள் மேல குத்தம் இல்ல சார், மெஷின்ல தூசி ஒட்டியிருக்கு" என்றார். கேமராவிலும் அதே கணக்குதான். லென்ஸை மாற்றிய பிறகும் புள்ளி அதே இடத்தில் நின்றால், தூசி இருப்பது சென்சாரில்.

சரியாகச் சொன்னால், சென்சாருக்கு முன்னால் பொருத்திய மெல்லிய கண்ணாடியின் மேல். அதன் நிழல்தான் படத்தில் விழுகிறது. லென்ஸின் துளை அகலமாக இருந்தால் ஒளி பல கோணங்களில் வந்து நிழலைக் கரைத்துவிடும். எஃப் 16, எஃப் 22 என்று துளையைச் சுருக்கினால் நிழல் கூர்மையாகும். கருநிழல், புறநிழல் பாடத்துக்கு நல்ல சான்று. தீபாவளி வாணவேடிக்கையையும் சிறிய துளையில்தான் எடுக்கிறோம், ஆனால் கறுப்பு வானத்தில் நிழல் தெரியாது. மறுநாள் பகலில் மாட்டிக்கொள்ளும்.

எஃப் 22 வைத்து, குவியத்தைக் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் தூசிகள் எங்கெங்கே என்று தெரிந்துவிடும். படத்தில் மேலே தெரியும் புள்ளிக்கான தூசி சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். ஊசித்துளைக் கேமராவின் தலைகீழ் பிம்பம்தான் காரணம். ஆனால் முன்பக்கமிருந்து சென்சாரைப் பார்க்கும் நமக்கு இடம் வலம் மாறுவதில்லை. ஏன் என்று மாணவர்களையே வரைந்து பார்க்கச் சொல்லலாம்.

முதலில் கேமராவின் மெனுவிலுள்ள தானியங்கிச் சுத்தத்தை இயக்குங்கள். கண்ணாடியை அதிரவைத்துத் தூசியை உதறும் இந்த வசதி 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் வந்தது. இப்போது பல கேமராக்களில் உண்டு. போகாவிட்டால், பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு, மெனுவில் கைமுறைச் சுத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் மின்சாரம் தீர்ந்தால், உயர்ந்து நிற்கும் உள்கண்ணாடியும் ஷட்டரும் மூடிக்கொள்ளும். கேமராவைக் குப்புறப் பிடித்து, ரப்பர் ஊதுகுமிழால் காற்றடியுங்கள். அதன் நுனி உள்ளே போகக் கூடாது. பெரும்பாலும் இதுவே போதும்.

நான் அவசரப்பட்டு வாயால் ஊதினேன். எச்சில் தெறித்து ஒரு புள்ளி மூன்றானது! ஈரக்கறை காற்றுக்கு மசியாது. சென்சாரின் அளவுக்கென்று விற்கும் துடைப்பானில் அதற்குரிய திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, ஒரே திசையில் ஒரே இழுப்பு. பிறகு அதன் மறுபக்கத்தால் ஒருமுறை. அதோடு அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கைக்குட்டை, காது குடையும் பஞ்சு, ஸ்ப்ரே டப்பா எதுவும் வேண்டாம். கை நடுங்குகிறவர்கள் சர்வீஸ் சென்டருக்கே கொடுத்துவிடலாம்.

நம் கரிசல் மண்ணில் ஆடிக் காற்றடிக்கும்போது வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். பட்டாசுப் புகையிலும் அப்படியே. அறைக்குள், கேமராவை அணைத்து, வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கி வைத்து மாற்றுங்கள்.

அந்த மாணவியின் நெற்றிப் புள்ளியைக் கணினியிலேயே அழித்திருக்கலாம். வகுப்பை மறுபடியும் நிறுத்திப் படமெடுத்தோம். இம்முறை அவள் முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.